மாமி பார்த்த சிங்கப்பூர்

நம் வயதுக்காரருக்கு இப்போது யாத்திரை என்றால் பிள்ளைகளின் வீடுதான். காசிக்கும் கதிர்காமத்துக்கும் போன காலம் போய்விட்டது. பிரஷர்க் குளிசையும் முழங்காலுக்குப் பூசும் தைலமும் கைப்பையில் இருக்க, ரொறொன்ரோ என்றும் மெல்பேர்ண் என்றும் கிளம்பிவிடுகிறோம். எனக்கு வாய்த்தது சிங்கப்பூர். மகனுக்கு அங்கே வேலை. மூன்று மாதம் வந்து நில்லுங்கள் என்றான். திருகோணமலையின் புழுக்கத்திலிருந்து தப்பினால் போதும் என்று நானும் போனேன்.

விமான நிலையத்திலிருந்து வரும்போது நான் பார்க்கட்டும் என்று மகன் காரை மெதுவாக ஓட்டினான். மேம்பாலங்களின் ஓரமெல்லாம் காகிதப்பூ பூத்துத் தொங்கியது. கண்ணாடிக் கட்டடங்கள் வானத்தைத் தங்கள் மேல் பூசிக்கொண்டு நின்றன. அத்தனை வாகனம், ஒரு ஹோர்ன் சத்தம் இல்லை.

"எப்பிடி அம்மா இருக்கு?"

"நல்ல துப்புரவு" என்றேன்.

"முதல் முதல் வாற எல்லாரும் உதைத்தான் சொல்லுவினம்" என்று சிரித்தான்.

நான் முதல் முதலாக வரவில்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? ஒன்பது, பத்து வயதில் ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுக்க நான் சிங்கப்பூரில்தான் இருந்தேன். என்னைக் கூட்டிப்போனவர் என் மாமி. கட்டிலில் சாய்ந்ததும் அவருடைய குரல்தான் காதுக்குள் கேட்டது. உங்களில் பலருக்கும் இப்படி ஒரு மாமி இருந்திருப்பார். ஆகையால் சொல்கிறேன்.

கலவரங்களுக்கு முந்திய காலம் அது. உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் எங்கள் வீடு. அடுத்த வளவு மாமியுடையது. அப்பாவின் அக்கா அவர். காலையில் துறைமுகத்துச் சங்கு ஊதினால் ஒழுங்கை முழுக்கச் சைக்கிள் மணிச் சத்தமாக இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவந்து சோற்றுக்குள் போடும். மத்தியானத்தில் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து படலைக்கு வெளியே நின்று, நாங்கள் எறியும் வாழைத் தோலுக்காகக் காத்திருக்கும்.

மாமா துறைமுகத்தில் இரும்பு ஒட்டும் வேலை செய்தவர். நல்ல கைக்காரர் என்று பெயர். சிங்கப்பூரில் கப்பல் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். முதல் தடவை லீவில் வந்தபோது பொத்தானை அமுக்கினால் விரியும் குடை ஒன்று கொண்டுவந்தார். மழை இல்லாத நாளில் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் முறை வைத்து அதை விரித்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் வரவில்லை. லீவு இல்லை, லீவு இல்லை என்றே செய்தி வந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், என் மச்சாள். கண்ணாடி வளையல் போட்டால் அந்தக் கைக்கென்றே செய்தது போல இருக்கும். அவருக்கு முதலில் பேசிய சம்பந்தம் குழம்பியிருந்தது. மாப்பிள்ளை திரியாய்ப் பக்கம். பேச்சு முற்றாகி இரண்டு வீட்டாரும் பலகாரம் மாற்றிய கிழமையே மாப்பிள்ளையின் தகப்பனை வயலில் பாம்பு கடித்துவிட்டது. பெண் கால் வைக்க முதலே ஒரு தலை போய்விட்டது என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். பாம்பு செய்ததை மச்சாளின் சாதகத்தில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் பொருத்தம் பார்க்க வந்தாலும் யாராவது அந்தக் கதையை அவர்கள் காதில் போடாமல் விடவில்லை.

கடைசியில் பாலையூற்றில் ஒரு இடம் சரிவந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். ஆவணியில் நாள் வைத்தாயிற்று. மாமா வந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் சிங்கப்பூர்க் கப்பலில் வேலை செய்து திரும்பிய மூதூர் முஸ்லிம் நானா ஒருவர் மாமியின் படலையில் வந்து நின்றார். உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"அவருக்குச் சுகம் சரியில்ல தங்கச்சி. நீங்க ஒருக்காப் போய்ப் பாத்தா நல்லம். ரிக்கற் பட்டறையாக்கள் அனுப்புவாங்க" என்றார்.

அம்மா எங்கள் குசினிக்குள் வந்து கோபத்தோடு தேங்காய் துருவினார். "ரெண்டு வரியமா இல்லாத வருத்தம் கலியாணம் எண்டவுடனை வந்திட்டுதோ? அங்கை ஒருத்தி இருக்கிறாள், இருந்து பாருங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மறுத்துக் கதைக்கவில்லை. எதிர்வீட்டு ரீச்சரும் அதையே சொன்னார். ஒழுங்கை முழுக்க அப்படித்தான் நினைத்தது. கொழும்புக்கே தனியாகப் போயறியாத மாமி, எள்ளுருண்டையும் கோப்பித்தூளும் கட்டிக்கொண்டு, புருசனை இழுத்து வரப் போகிறார் என்று எல்லாரும் சேர்ந்து பஸ் ஏற்றிவிட்டோம்.

ஆடி பிறக்க முதல் மாமி திரும்பி வந்தார். தனியாக வந்தார்.

வெளிநாடு போய் வந்தவரைப் பார்க்க அயலவர்கள் போவது நம்மிடம் உள்ள வழக்கம்தானே. பின்னேரமானால் மாமியின் விறாந்தை நிரம்பிவிடும். நான் அலுமாரியோடு சாய்ந்து நிலத்தில் இருப்பேன். மாமி பெரிய குங்குமப் பொட்டோடு கதிரையில் இருப்பார். மாமாவைப் பற்றி முதல் நாளே ரீச்சர் கேட்டுவிட்டார்.

"அவர் வரமாட்டார்" என்றார் மாமி.

"கலியாணத்துக்குமோ?"

"இனி வரமாட்டார். அவரைப் பற்றி என்னட்டைக் கேக்காதேங்கோ."

விறாந்தையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. பிறகு மாமி தானாகவே அந்த ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அப்படி அவர் கதைத்ததை அதற்கு முன்னர் யாரும் கேட்டதில்லை.

"ஒரு சின்ன அறைக்குள்ளை போய் நிண்டா கதவு தானாச் சாத்தும். திறக்கேக்கை ஒம்பதாம் மாடி. வயித்துக்குள்ளை ஏதோ விழுந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒம்பதாம் மாடி யன்னலாலை பாத்தா கடல் முழுக்கக் கப்பல். எங்கடை துறைமுகத்திலை ஒரு வரியத்திலை வாறது அங்கை ஒரு பார்வையிலை நிக்கும். ஆனாச் சத்தம் கேளாது. கண்ணாடி."

"சனம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சனம் கனக்க. ஆனா ஒருத்தரும் சத்தம் போடாயினம். அழுறதெண்டாலும் சத்தமில்லாமத்தான் அழுவினம். நிலமெல்லாம் முகம் தெரியிற மாதிரித் துடைச்சு வைச்சிருக்கினம்."

"அப்ப நீங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டோ திரிஞ்சனீங்கள், மாமி?" என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓம் பிள்ளை" என்றார். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

இன்னொரு நாள், அங்கே சுடலையிலும் புகை வராது என்றார். பெட்டியை ஒரு கதவுக்குள் தள்ளிவிடுவார்களாம், உள்ளே மின்சாரமோ என்னவோ, வெளியே நின்றால் ஒன்றும் தெரியாதாம். விறகு இல்லை, நெய் இல்லை, பறை இல்லை.

"ஊர் பாக்கப் போன இடத்திலை சுடலையும் பாத்தனீங்களோ?" என்றார் ரீச்சர்.

"பஸ்ஸிலை போகேக்கை காட்டினவை" என்றார் மாமி.

எனக்கு அந்த ஊர் மிகவும் பிடித்துவிட்டது. இரவில் கண்ணை மூடினால் கதவுகள் தானாகத் திறந்தன. பெரியவர்களுக்கோ மாமியைப் பிடிக்காமல் போயிற்று. புருசன் எவளோடோ இருக்கிறான், இவள் லிப்டில் ஏறின புளுகம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். கல் நெஞ்சுக்காரி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மாவும் அதில் சேர்ந்துகொண்டது இப்போது நினைக்கக் கசக்கிறது.

அந்த நாட்களில் ஒரு காலை மாமி என்னைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போனார். வெந்நீர்க் கிணறுகளில் குளிப்போம் என்றார். செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய அங்கே போவார்கள், சும்மா குளிக்கவும் போவார்கள். அதனால் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான் அதிகம் சுடாத கிணற்றடியில் தண்ணீரை அள்ளி அடித்து விளையாடினேன். மாமி ஏழு கிணற்றிலும் ஒவ்வொன்றாக அள்ளி, சேலையோடு தலையில் ஊற்றினார். கடைசிக் கிணற்றடியில் சேலைத் தலைப்பை அவிழ்த்து எதையோ தண்ணீரோடு கையால் வார்த்துவிட்டார்.

"அதென்ன மாமி?"

"எள்ளு. தலைப்பிலை கிடந்தது."

திரும்பி வரும் வழியில் எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தார். பஸ்ஸுக்குள் அவருடைய ஈரச் சேலையிலிருந்து என் சட்டையும் நனைந்தது. பஸ்ஸை விட்டு இறங்க முதல் கைக்கண்ணாடியை எடுத்துப் பொட்டைத் திரும்பவும் வட்டமாக வைத்துக்கொண்டார்.

மச்சாள் மட்டும் சிங்கப்பூர்க் கதை கேட்க வந்து இருப்பதேயில்லை. அறைக்குள்ளேயே இருந்தார். ஒரு நாள் விறாந்தையில் ஆட்கள் இருக்கும்போதே வந்து, சுவரில் மாட்டியிருந்த மாமாவின் படத்தைக் கழற்றினார்.

"என்ரை கலியாணத்திலை உந்த மனுசன்ரை முகத்தை நான் பாக்க ஏலாது. உவர் செத்தாரெண்டு நினைச்சுக்கொள்ளுறன்" என்றார்.

மாமி எழும்பி வந்து கன்னத்தில் அறைந்தார். தாயிடம் அடி வாங்கி மச்சாளை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அறைந்த கையையே வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு மாமி குசினிக்குள் போனார். மச்சாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் அவருக்காகத்தான் நிக்கிறா, பாருங்கோ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பார்த்தோம். அப்படித்தான் விளங்கிக்கொண்டோம். மாமி குசினியிலிருந்து வந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கோபம் அதோடு அடங்கியிருக்கும். ஆனால் கலியாணமும் அதோடு நின்றிருக்கும்.

கலியாணம் அயல் மெச்ச நடந்தது. மாமாவின் இடத்தில் அப்பாவும் அம்மாவும் இருந்து தாரை வார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் சாவகச்சேரியிலிருந்து வந்திருந்தார். எனக்குப் புதுச் சட்டையில் சரிகை குத்திக் கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. எல்லாம் இருந்தது, மாமிதான் இல்லை. பெற்ற தாய் குசினியை விட்டு வெளியே வரவில்லை. விளக்கேற்றக் கூப்பிட்டார்கள், பாயசம் அடிப்பிடிக்கும் என்றார். ஆராத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள், ரீச்சரை எடுக்கச் சொன்னார். கடைசியில் எல்லாரும் அறுகரிசி தூவி வாழ்த்தும் நேரம் அப்பாவே போய்க் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரே பிள்ளை. வந்து ரெண்டு அரிசி போடுங்கோ."

"கை ஈரம் தம்பி. நீ போடு, நான் போட்ட மாதிரித்தான்."

நான் குசினி வாசலில் நின்றேன். அவருடைய கை ஈரமாயிருக்கவில்லை. அடுப்புக்குப் பின்னால், மணவறையில் இருப்பவர்களின் கண்ணில் படாத மூலையில் நின்று, கரண்டியைப் பிடித்தபடி மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் முழங்கியபோது சுவரில் தலையைச் சாய்த்தார். புருசன் விட்டுப்போன வெட்கத்தில் முகம் காட்ட மறுக்கிறார் என்று பந்தியில் கதைத்தார்கள். வாழைக்காய்க் கறியில் உப்புக் கூட என்றும் கதைத்தார்கள்.

நாலாஞ்சடங்கும் முடிந்து மாப்பிள்ளையும் பொம்பிளையும் பாலையூற்றுக்குப் போனார்கள். அடுத்த நாள் காலை நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். மாமி எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தலை முழுகி வெள்ளைச் சேலை உடுத்திருந்தார். நெற்றியில் ஒன்றும் இல்லை. தாலிக்கொடியைக் கையில் பொத்தி வைத்திருந்தார். அம்மாவின் கையிலிருந்த மூக்குப்பேணி விழுந்தது.

"தம்பி, அத்தான் போயிட்டார்" என்றார்.

"எப்ப?" என்று அப்பா எழும்பினார். "ஆர் சொன்னது?"

"நான் போய் ஒரு கிழமையாலை. நெஞ்சுக்குள்ளை தண்ணி. ஒம்பதாம் மாடியிலைதான் கிடந்தவர். நான்தான் பக்கத்திலை இருந்தனான். நான்தான் எரிச்சுப்போட்டு வந்தனான்."

பிறகுதான் அப்பா விறாந்தையில் இருந்துகொண்டு சின்னப்பிள்ளை போல அழுதார். லிப்டும், கண்ணாடியும், முகம் தெரியும் நிலமும் எங்கே இருந்தவை என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. மாமி ஊர் பார்க்கவேயில்லை. ஆசுப்பத்திரியையும் சுடலையையும்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். யாரும் எதுவும் கேட்க முதல் அவற்றையே அழகாகச் சொல்லி வைத்தார். எள்ளும் தண்ணீரும் இறைத்து, ஐயர் இல்லாமல், அவரே அந்தியேட்டியும் முடித்தார். அதற்கு என்னைத் துணைக்குக் கொண்டுபோயிருந்தார்.

"இன்னொரு சாவு எண்டா என்ரை பிள்ளையை ஒருத்தரும் கட்டியிராயினம் தம்பி. அவருக்கு ஒருத்தி இருக்கெண்டு கதைச்சால் கதைக்கட்டும். அது அவரைத்தான் சுடும், பிள்ளையைச் சுடாது. அவர் இருந்திருந்தாலும் அப்பிடித்தான் செய்யெண்டு சொல்லியிருப்பார்."

ரீச்சர் வந்து, கைம்பெண் நடமாடிய வீட்டில் கலியாணம் நடத்தியது தோஷம் என்றார். அதனால்தான் மாமி குசினியை விட்டு வெளியே வரவில்லை, விளக்கைத் தொடவில்லை, பெற்ற பிள்ளைக்கு அறுகரிசி போடவில்லை என்பது ரீச்சரின் மூளைக்கு எட்டவில்லை. மாமிக்கும் அந்த நம்பிக்கைதான். நம்பியபடியால்தான் ஒளித்து நின்றார். அந்த வழக்கத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

பாலையூற்றுக்காரர் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அடங்கினார்கள். அடங்காதவர் மச்சாள்தான். மாமி வெள்ளை உடுத்த அன்று பின்னேரமே புதுத் தாலியோடு வந்து, தாய்க்கு முன்னால் நின்றார். அழவில்லை.

"அப்பா செத்துக் கிடக்க, என்னை அவரைத் திட்ட விட்டிட்டு நிண்டனீங்கள். செத்தாரெண்டு நினைக்கிறன் எண்டு என்ரை வாயாலை சொன்னனான். நீங்கள் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

மாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மச்சாள் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நன்மை தீமைக்கு வருவார். தாய்க்கு வேண்டியதை வாங்கி வைப்பார். பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார். கதை மட்டும் இல்லை. மாமியும் மருமகனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார், மகளைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். சண்டைக் காலத்தில், இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஒரு மாரியில், மாமி காய்ச்சலில் இறந்துபோனார். மச்சாள் எல்லாக் கடமையும் குறைவில்லாமல் செய்தார். கோபம் குறையவில்லை.

போன கிழமை பின்னேரம் மச்சாள் வாட்ஸ்அப்பில் எடுத்தார். இப்போது லிங்கநகரில் மகளோடு இருக்கிறார். நான் இங்கே வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கை, உந்த ஊரை ஒருக்காக் காட்டு பாப்பம்" என்றார்.

போனைத் திருப்பி யன்னலால் காட்டினேன். மகனின் வீடு உயரத்தில் இருக்கிறது. கட்டடங்களுக்கு நடுவில் ஒரு துண்டுக் கடல், அதில் கப்பல்கள். மச்சாள் கனநேரம் பார்த்தார்.

"அப்பாவைக் கிடத்தின ஆசுப்பத்திரி உதிலை எங்கை?"

மகனிடம் நான் முன்னமே விசாரித்திருந்தேன். பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்களாம், எது எங்கே இருந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எடி பிள்ளை" என்றார். "உங்கை செத்தவீட்டுக்கு அயல்சனம் சாப்பாடு குடுக்கிறவையோ?"

எனக்கு உடனே பிடிபடவில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் அல்லவா. அயலவர்கள் சோறும் கறியும் கொண்டுபோய், இரண்டு வாய் சாப்பிடுங்கோ என்று கெஞ்சிக் கொடுப்பார்கள். மச்சாள் திரும்பவும் கேட்டார்.

"அப்பாவை எரிச்சுப்போட்டுத் தனிய வந்த அண்டைக்கு, அம்மாவுக்கு ஆர் சாப்பாடு குடுத்திருப்பினம்?"

"தெரியாது மச்சாள்" என்றேன். உண்மையாகவே தெரியாது. அந்தக் கச்சான் காலம் முழுக்க மாமி சிங்கப்பூரைப் பற்றி எவ்வளவோ சொன்னார், எதைச் சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மச்சாள் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினார்.

"அம்மா இருக்கேக்கை ஒருக்காவெண்டாலும் நான் கேட்டிருக்கலாம்" என்றார்.